சாப்பாட்டு இடைவேளை: போன தும்பியும் வரும் தும்பியும்

சென்ற இதழில் சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தோம். பலர் தொலைபேசியில் கதைத்தார்கள், நன்றி. இந்த முறை காசுக் கதை இல்லை. ஒரு பூச்சியைப் பற்றி எழுதப் போகிறோம். “பூச்சியைப் பற்றி எழுதவோ உங்களுக்கு ஒரு பக்கம்?” என்று கேட்பவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

கடந்த ஓகஸ்ட் மாதம், ஒரு மத்தியான வேளை. நாங்கள் கணவனும் மனைவியும் நியூ ஜேர்சியில் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறோம். அழகுசாதனப் பொருட்களைப் பெட்டிகளில் அடுக்கி ஒட்டும் வேலை. சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம் தருவார்கள். உள்ளே சாப்பாட்டைச் சூடாக்க நின்றால் பத்து நிமிடம் வரிசையிலேயே போய்விடும். அதனால் சோற்றுப் பெட்டியோடு வெளியே வந்து, கார்கள் நிற்கும் இடத்தின் ஓரத்துச் சீமெந்துக் கட்டில் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

அன்று எங்கள் மேற்பார்வையாளர் தன்னுடைய புதுச் சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்று துவாயை வீசிக்கொண்டிருந்தார். அவர் எக்குவடோர் நாட்டுக்காரர், நல்ல மனிதர். “லிபெலுலா! லிபெலுலா!” என்று கத்தினார். போய்ப் பார்த்தோம். ஒரு சோடித் தும்பிகள், ஒன்றையொன்று பிடித்தபடி, காரின் பொனற்றுக்கு மேலே தாழ்ந்து தாழ்ந்து பறந்தன. பெண்தும்பி வாலின் நுனியால் பொனற்றைத் தட்டித் தட்டி எழும்பியது. தட்டிய இடமெல்லாம் சிறு சிறு முட்டைகள்.

அந்தத் தும்பியைக் கண்டதும் எங்களுக்குச் சாப்பாடு மறந்து போனது. ஊரில் ஐப்பசி மழையோடு முற்றத்துக்கு மேலே கூட்டமாக மிதக்குமே, அதே மஞ்சள் தும்பி. இது எப்படி இங்கே வந்தது? எதற்காகக் காரில் முட்டையிடுகிறது? அன்று பின்னேரம் முழுவதும் இதே கேள்விதான்.

எங்களுக்குப் படிப்பு பெரிதாக இல்லை. 2008-ஆம் ஆண்டு கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் நின்றது. பிறகு அந்தப் பக்கம் போகக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் மகளுக்கு ஒன்பது வயது, ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நகரத்துப் பொது நூலகத்துக்குப் போனோம். ஆங்கிலத்தை அவள் வாசித்தாள். பொருளை மூவருமாகப் பிடித்தோம். அப்படி நாலைந்து சனிக்கிழமைகள் போய்ச் சேர்த்ததைத்தான் இங்கே தருகிறோம்.

ஆளை அடையாளம் காண

தமிழ்நாட்டில் தட்டான், எங்களுக்குத் தும்பி. தும்பிகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. நாங்கள் சொல்லும் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் பன்றாலா பிளவெசென்ஸ். 1798-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் பப்ரீசியஸ் இதற்குப் பெயர் வைத்தார். அவர் முதலில் வைத்த பெயரின் முற்பாதி ‘லிபெலுலா’. எங்கள் மேற்பார்வையாளர் கத்தியதும் அதையேதான். ‘பிளவெசென்ஸ்’ என்றால் மஞ்சள் படர்ந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் இதை ‘உலகம் சுற்றும் தும்பி’ என்ற பொருளிலும், ‘அலைந்து திரிந்து மிதப்பது’ என்ற பொருளிலும் அழைக்கிறார்கள்.

நீளம் ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர். சிறகை விரித்தால் ஏழெட்டு சென்ரிமீற்றர். உடம்பு பொன்மஞ்சள். வளர்ந்த ஆணின் முதுகில் செம்மை ஏறியிருக்கும். கண்கள் பெரியவை, மேல்பாதி சிவந்த தவிட்டு நிறம். சிறகு கண்ணாடி போலத் தெளிவானது. பின்சிறகு, உடம்போடு சேரும் இடத்தில் நன்றாக அகன்றிருக்கும். இந்த அகலம்தான் இதன் மூலதனம். சிறகை அடிக்காமல், காற்றில் படுத்தபடி வெகுதூரம் போக இது உதவுகிறது. மற்றத் தும்பிகள் வேலிக் கம்பியிலும் புல் நுனியிலும் போய்க் குந்தும். இது அப்படி லேசில் குந்தாது. பகல் முழுவதும் பறக்கும். களைத்தால் ஒரு சுள்ளியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதற்குப் பின்சிறகின் அடியில் ஒரு கரும்பொட்டு இருக்கும். பொட்டு இருந்தால் அது வேறு. பொட்டு இல்லாமல் மஞ்சளாக மிதந்தால் அது எங்கள் ஊர்த் தும்பியின் இனம்.

மினுங்குவதெல்லாம் தண்ணீர் இல்லை

தும்பி ஆகாயத்தில் திரிந்தாலும் பிறப்பது நன்னீரில். பெண்தும்பி தண்ணீரில் முட்டையிடும். வெதுவெதுப்பான தண்ணீரானால் ஐந்து நாள் போலப் பொரித்துவிடும். வரும் குஞ்சுக்குச் சிறகு கிடையாது. தண்ணீருக்குள்ளேயே திரிந்து, நுளம்புக் குஞ்சு, வால்பேத்தை என்று அகப்பட்டதைத் தின்று வளரும். கடைசியில் ஒரு தண்டில் ஏறி, தோலை உரித்து, சிறகு விரித்துப் போய்விடும்.

பல தும்பி இனங்களுக்கு ஆண்டு முழுவதும் வற்றாத குளமோ ஆறோ வேண்டும். இந்த இனத்துக்கு அது வேண்டாம். மழை பெய்து தேங்கிய பள்ளம், வயல் வெள்ளம், கால்முழம் தண்ணீர் நின்றாலும் போதும். அப்படியான குட்டையில் மீன் இராது, குஞ்சைப் பிடித்துத் தின்ன ஆள் குறைவு. ஆனால் குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து முடிக்க வேண்டும். அதனால் இது அவசரப் பிறவி. 38 நாள் முதல் 65 நாளுக்குள் தண்ணீர் வாழ்க்கையை முடித்துவிடுகிறது. சில தும்பி இனங்கள் இதற்கு வருடக் கணக்கில் எடுக்கின்றன.

சரி, கார்ப் பொனற்றில் ஏன் முட்டையிட்டது? தண்ணீரைத் தும்பி கண்டுபிடிப்பது அதன் மினுக்கத்தை வைத்து. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, தும்பியின் கண்ணுக்குத் தெரியும். பளபளப்பான கறுப்புக் காரும் சிவப்புக் காரும் அதே ஒழுங்கில் வெளிச்சத்தைத் தெறிக்கின்றன. ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்து 2006-இல் எழுதினார்கள். மெருகேற்றிய கறுப்புக் கல்லறைக் கற்களைச் சுற்றியும் தும்பிகள் தண்ணீர் என்று எண்ணித் திரிவதை அவர்களே 2007-இல் எழுதினார்கள். தும்பியின் கண்ணுக்கு அது தண்ணீரேதான். பிழை கண்ணில் இல்லை, காரில்.

இதைவிடப் பாவமான கதையும் உண்டு. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போர் முடிந்தபோது குவைத் பாலைவனத்தில் எண்ணெய் ஏரிகள் தேங்கிக் கிடந்தன. மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் போலவே இருக்கும். தும்பிகள் முட்டையிட இறங்கி, எண்ணெயில் ஒட்டிச் செத்தன. யார் யாரோ செய்த போரில் எந்தெந்த உயிரெல்லாம் போகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு பயனுள்ள செய்தி. தும்பி முட்டை காரின் வண்ணப் பூச்சைக் கெடுக்கும். பிறேசில் நாட்டு இரசாயன ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இதற்குக் காரணம் கண்டார்கள். வெயிலில் பொனற் கொதிக்கும்போது முட்டையிலுள்ள புரதம் மாறி, கந்தகம் சேர்ந்த அமிலம் உண்டாகிறது. அது பூச்சை அரித்துவிடும். முட்டையைக் கண்டால் அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். எங்கள் மேற்பார்வையாளருக்கு இதைச் சொன்னோம். இப்போது அவர் மரநிழலில்தான் காரை விடுகிறார்.

எங்களுக்குள்ளும் ஒரு பகிடி பிறந்தது. மேலதிக வேலை, இரண்டாம் வேலை, பெரிய வீடு, பெரிய கார் என்று ஓடும்போது, “இது தண்ணீரோ, பொனற்றோ?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். கேட்டுவிட்டு மேலதிக வேலைக்கும் போகிறோம். அது வேறு கதை.

ஐப்பசித் தும்பி

சின்ன வயதில் தும்பி பிடிக்காத பிள்ளை ஊரில் உண்டா? பின்னால் பதுங்கிப் போய், வாலைப் பிடித்து, நூல் கட்டிப் பறக்க விடுவோம். சின்னக் கல்லைக் கொடுத்துத் தூக்க வைப்போம். இன்று நினைத்தால் அது கொடுமை. அன்று அதுதான் விளையாட்டுச் சாமான். தும்பி தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரணைமடுக் குளத்துப் பக்கம் வானம் கறுத்து வரும் நாட்களில் இந்த மஞ்சள் தும்பிகள் எங்கிருந்தோ நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும்.

மலையாளத்தில் இதற்குத் ‘துலாத்தும்பி’ என்று பெயர். துலாம் மாதம் நமக்கு ஐப்பசி. அவர்களும் தும்பி என்றே சொல்கிறார்கள் என்று அறிந்தபோது ஒரு சந்தோசம்.

ஆனால் ஐப்பசியில் வந்தவை பிறகு எங்கே போகின்றன என்று ஊரில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் சார்ள்ஸ் அன்டர்சன் என்ற கடல் உயிரியலாளர். மாலைதீவில் வாழ்ந்தவர். மாலைதீவு முழுவதும் பவளத் தீவுகள். நிலத்துக்கு மேலே நன்னீர் மிகமிகக் குறைவு. தும்பி பெருகக்கூடிய இடமே இல்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஒக்ரோபர் மாதமும் தும்பிகள் இலட்சக்கணக்கில் வந்து இறங்கி, சில நாளில் காணாமல் போய்விடும். இவர் ஆண்டாண்டாக எந்த நாளில் எங்கே தும்பி வந்தது என்று குறித்தார், மற்றத் தீவுகளின் குறிப்புகளையும் சேர்த்தார். ஒக்ரோபரில் மாலைதீவு, நவம்பரில் சீசெல்ஸ், அதன் பிறகு இன்னும் தெற்கே அல்டாப்ரா, மற்றப் பக்கம் கிழக்கு ஆபிரிக்கா. 2009-ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில், இந்தியாவிலிருந்து தும்பிகள் இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்காவுக்குப் போகின்றன, பிறகு திரும்புகின்றன என்று சொன்னார். போய்வரும் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீற்றர். ஒரு தும்பியின் நிறை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

எப்படி முடிகிறது? காற்றுத்தான். ஐப்பசியில் மழைமேகத்தோடு சேர்ந்து உயரத்தில் ஓடும் காற்று தென்மேற்காகப் போகிறது. ஆயிரம் மீற்றருக்கு மேலே ஏறி அந்தக் காற்றில் படுத்துக்கொள்கிறது. காற்றுப் போகும் இடத்தில்தான் மழை. மழை பெய்யும் இடத்தில்தான் புதுக் குட்டை. தும்பிக்குத் தேவையானதும் அதுதான். எல்லாத் தும்பியும் கரை சேர்வதில்லை. காற்று மாறினால் கடல்தான். கடல் கடந்து வந்த குடும்பங்களுக்கு இதை விரித்து எழுதத் தேவையில்லை.

2012-ஆம் ஆண்டில் வேறொரு ஆய்வு வந்தது. மாலைதீவில் பிடித்த தும்பிகளின் சிறகைச் சோதித்தார்கள். எந்தத் தண்ணீரில் குஞ்சாக வளர்ந்ததோ, அந்தத் தண்ணீரின் அடையாளம் சிறகில் இருக்குமாம். மழைநீர் இடத்துக்கு இடம் சிறிது வேறுபடும், அந்த வேறுபாடு சிறகில் பதிந்து அழியாமல் நிற்கும். அப்படிப் பார்த்தபோது அந்தத் தும்பிகள் தென்னிந்தியாவில் பிறந்தவைகூட இல்லை. வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்று தெரிந்தது. அடையாள அட்டை தொலைந்தாலும் தும்பிக்குப் பிறந்த இடம் தொலைவதில்லை.

நியூ ஜேர்சிக்காரர் கண்டது

இப்போது நாம் இருக்கும் மாநிலத்துக்கு வருவோம். நியூவார்க் நகரிலுள்ள றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா வெயார் என்ற பேராசிரியையும், டானியல் ட்றோஸ்ற் என்ற மாணவரும், பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2016-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரெக்சாஸ், கனடாவின் கிழக்குப் பகுதி, யப்பான், கொரியா, இந்தியா, தென் அமெரிக்கா ஆகிய இடங்களில் பிடித்த இந்த இனத் தும்பிகளின் மரபணுவில் ஒரு பகுதியை ஒப்பிட்டார்கள். இவ்வளவு தூரம் பிரிந்து வாழும் பூச்சிகளென்றால் இடத்துக்கு இடம் மரபணு தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். அப்படிப் பிரிந்திருக்கவில்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே பெரிய குடும்பம் போலத்தான் இருந்தது.

இதைத் தவறாக விளங்கக் கூடாது. கிளிநொச்சித் தும்பி ஒன்று நேரே நியூ ஜேர்சிக்குப் பறந்து வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்று ஓரிடத்துக்குப் போகும், அதன் பிள்ளை அடுத்த இடத்துக்குப் போகும், அங்கே இன்னொரு கூட்டத்தோடு கலக்கும். அப்படிக் கலந்து கலந்து உறவு அறாமல் இருக்கிறது என்பதுதான் கருத்து. நம்மிடம் ஒருவர் ரொறொன்ரோ, ஒருவர் பாரிஸ், ஒருவர் சென்னை என்று கலியாணம் பேசுவதை நினைத்தால் விளங்கும்.

நியூ ஜேர்சியின் உறைபனியை இதன் குஞ்சுகள் தாங்குவதில்லை. ஆகவே ஓகஸ்டில் நாங்கள் கண்டது இங்கே குளிர்காலம் கழித்த தும்பி அல்ல. தெற்கிலிருந்து கோடை வெப்பத்தோடு வந்தவை அல்லது வந்தவற்றின் பிள்ளைகள். யப்பானிலும் இப்படித்தான். ஒவ்வோராண்டும் தெற்கிலிருந்து வந்து, பெருகி, குளிரில் மடிந்துபோகும். ஓகஸ்ட் மாதம் அங்கே இறந்த முன்னோர்களை வரவேற்கும் விழா நடக்கும். அந்த நேரத்தில் கூட்டமாகத் தெரிவதால் இதை ‘ஆவித் தும்பி’ என்கிறார்கள்.

இந்த நாட்டுக்கென்று ஒரு பெரிய பச்சைத் தும்பியும் உண்டு. அதுவும் இலையுதிர் காலத்தில் தெற்கே போகும். இதே மாநிலத்தின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ற்றின் விக்கெல்ஸ்கியும் கூட்டாளிகளும் 14 பச்சைத் தும்பிகளின் உடம்பில் சிறிய வானொலிக் கருவிகளை ஒட்டி, சிறு விமானத்திலும் காரிலும் பின்னால் போய்ப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சராசரியாக ஆறு நாளில் 58 கிலோமீற்றர் போயினவாம். இரண்டு இரவுகள் அடுத்தடுத்துக் குளிர் கூடினால் பயணத்துக்குப் புறப்படுமாம். கருவியை எதனால் ஒட்டினார்கள் தெரியுமா? பொய் இமை ஒட்டும் பசையும் கடையில் விற்கும் உறுதிப் பசையும். அந்த இமைப் பசையை நாங்கள் தினமும் பெட்டி பெட்டியாக அடுக்குகிறவர்கள். நாங்கள் நூல் கட்டியதும் அவர்கள் கருவி ஒட்டியதும் ஒரே ஆசையில்தான், தும்பி எங்கே போகிறது என்று பார்க்க. அவர்கள் எழுதி வைத்தார்கள், நாங்கள் கல் தூக்க வைத்தோம். கருவியின் நிறை 0.3 கிராம். எங்கள் மஞ்சள் தும்பியின் முழு நிறையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகையால் அதன் முதுகில் அதை ஏற்ற முடியாது.

செப்ரெம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலதிக வேலையை விட்டுவிட்டு, கேப் மேக்குப் போனோம். நியூ ஜேர்சியின் தென்கோடி முனை அது. தெற்கே போகும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் தும்பிகளும் கரையோரமாக வந்து அந்த முனையில் சேரும். முன்னால் டெலவெயர் குடாக்கடல். கப்பலில் கடந்தால் 27 கிலோமீற்றர் போல. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். பச்சைத் தும்பிகள்தான் அதிகம். இடையிடையே மஞ்சள் மிதந்தது. மகள் சிறகைப் பார்த்துப் பார்த்து, “பொட்டு இருக்கு, பொட்டு இல்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

திரும்பி வருவது யார்?

வீட்டுக்கு வரும் வழியில், காரின் பின் இருக்கையிலிருந்து மகள் கேட்டாள்: “அப்பா, இஞ்சயிருந்து போற தும்பி அடுத்த வருசம் திரும்பி வருமோ?”

“வராது பிள்ளை. அது தெற்கே போய் முட்டையிட்டுட்டுச் செத்துப் போகும்.”

“அப்ப ஆர் வாறது?”

“அதின்ர பிள்ளையள், பேரப்பிள்ளையள்.”

இது நாங்களாகச் சொன்ன ஆறுதல் கதை இல்லை. இந்து சமுத்திரத்துச் சுற்றை முடிக்க நாலு தலைமுறை எடுக்கிறது என்று அன்டர்சன் எழுதியிருக்கிறார். பச்சைத் தும்பியின் ஆண்டுச் சுற்றுக்கு மூன்று தலைமுறை என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். புறப்பட்ட தும்பி எதுவும் வீடு திரும்புவதில்லை. திரும்பி வருவது வழியைக் கண்டிராத பிள்ளை.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப நான்தான் அப்பம்மாவிட்டப் போக வேணும்” என்றாள். காரில் வேறு சத்தம் இல்லை.

வாசகர்களில் பலருக்கு எங்கள் நிலைமை சொல்லாமலே விளங்கும். புகலிடம் பெற்றவர்கள், தப்பி வந்த நாட்டுக்கே போய் வந்தால் அந்தப் புகலிடமே கேள்விக்குள்ளாகலாம். அதனால் நாங்கள் போகவில்லை. மகளின் அப்பம்மா கிளிநொச்சியில் தனியே இருக்கிறா. வயது எழுபத்திரண்டு. பேத்தியைத் தொலைபேசியின் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறா. மகள் இங்கே பிறந்தவள், இந்த நாட்டுக் கடவுச்சீட்டு அவளுக்கு உண்டு. கனடாவிலிருக்கும் மாமி, வருகிற டிசெம்பரில் ஊருக்குப் போகிறா. “பிள்ளையைத் தாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவாறன்” என்று இரண்டு வருடமாகக் கேட்கிறா. இரண்டு வருடமாக நாங்கள் மறுத்து வந்தோம்.

ஏன் மறுத்தோம் என்று உண்மையைச் சொல்ல வேண்டும். பயம் ஒரு காரணம். மற்றக் காரணம் சொல்ல வெட்கம். முதலில் நாங்கள்தான் போக வேண்டும் என்று நினைத்திருந்தோம். எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் படலையைத் திறக்க வேண்டும், கிணற்றை நாங்கள் காட்ட வேண்டும், மாமரம் நின்ற இடத்தை நாங்கள் சொல்ல வேண்டும். நாங்கள் இல்லாமல் அவள் போனால், திரும்புதல் எங்களிடமிருந்து கைமாறிவிடும் என்று ஒரு பொறாமை போல. பெற்ற பிள்ளையில் பொறாமை! தும்பி அப்படி யோசிப்பதில்லை. யோசித்தால் அந்த இனம் எப்போதோ அழிந்திருக்கும்.

தும்பியைப் பார்த்து வாழ்க்கை நடத்தச் சொல்ல வரவில்லை. தும்பிக்கு ஊர்ப்பாசம் கிடையாது. அது போவதும் வருவதும் காற்றாலும் தண்ணீராலும். வந்த இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடும். பிள்ளைகளும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். ஊருக்குப் போ போ என்று சொல்லி அவர்கள் போகமாட்டார்கள். அங்கே இறங்க ஒரு கை தண்ணீர் நிற்க வேண்டும். அப்பம்மாவோடு கதைக்க நாலு தமிழ்ச் சொல் வேண்டும். ஞாயிறு காலையில் அந்தத் தொலைபேசி அழைப்பு தவறக் கூடாது. பெரிய குளம் கட்ட எங்களால் முடியாது. குட்டை வற்றாமல் பார்க்கலாம். இந்த இனத்துக்குக் குட்டை போதும்.

அவள் சிறகில் இருக்கும் தண்ணீர் நியூ ஜேர்சித் தண்ணீர். அதை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. அவள் அங்கே விருந்தாளியாகவே இறங்கட்டும்.

சென்ற கிழமை பயணச்சீட்டு எடுத்தாயிற்று. பள்ளிக்கூட விடுமுறையோடு நாலு நாள் கூடுதலாக விடுப்புக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அப்பம்மாவுக்குச் சொன்னபோது மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, “பிள்ளை உறைப்புத் தின்னுமோ?” என்று மட்டும் கேட்டா. மகளே பதில் சொன்னாள்: “கொஞ்சமாத் தின்னுவன் அப்பம்மா.”

டிசெம்பர் ஊரில் மாரி. வயலில் வெள்ளம் நிற்கும். பள்ளம் எல்லாம் தண்ணீர். மஞ்சள் தும்பி நிற்க வேண்டிய காலம். மகளிடம் ஒரு சின்னக் கொப்பி கொடுத்திருக்கிறோம். கண்ட இடம், கண்ட நாள், சிறகில் பொட்டு உண்டா இல்லையா என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். தமிழில் எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறோம். வாலில் நூல் கட்டக் கூடாது என்று அவள் எங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டாள்.

கொப்பி திரும்பி வந்ததும் அதில் என்ன இருந்தது என்று தை மாத இதழில் எழுதுவோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்காவது இந்தத் தும்பியைக் கண்டிருந்தால் எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். காரின் பொனற்றில் கண்டால் மட்டும் முதலில் கழுவிவிட்டு எழுதுங்கள்.